காற்றில்லாத குழாய்

காசிநாதனுக்கு ஐம்பத்தாறு வயது. தினமும் காலை ரயிலில் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போய், ஒரு பட்டறையில் ஆர்கான் வெல்டிங் வேலை. முப்பத்தொரு வருஷமாகிறது. கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. சாயங்காலமானால் கண்ணுக்குள் மணல் அரிப்பதுபோல் இருக்கும்.

போன வருஷம் பட்டறைக்கு ஒரு மாதிரிக் குழாய் செய்யும் வேலை வந்தது. மகாராஷ்டிராவில் ஹிங்கோலிப் பக்கம் அமையவிருக்கும் ஈர்ப்பலை ஆய்வகத்துக்கானது. ஆள் குனிந்து நுழையலாம், அவ்வளவு அகலம். தரம் பார்க்கும் இன்ஜினியர் பிரிசில்லா விளக்கினார்.

“எங்கியோ ரெண்டு கருந்துளை மோதுனா, அந்த அதிர்வு பூமி வரைக்கும் வருதுண்ணே. நாலு கிலோமீட்டர் குழாய்க்குள்ள லேசர் வுட்டு அதை அளப்பாங்க. அணுக்கருவுல ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்லாத அசைவு. உள்ள காத்து இருந்தா வேலைக்காவாது.”

“அமெரிக்காவுல ஏற்கெனவே இருக்குன்னாங்களேம்மா?”

“அங்க ரெண்டு, இத்தாலி, ஜப்பான்ல ஒண்ணொண்ணு. நம்மளுதும் சேந்தாதான் அது வானத்துல எந்தப் பக்கம்னு இன்னும் துல்லியமா தெரியும்.”

“எப்ப ஓடும்?”

“இன்னும் ஏழெட்டு வருஷம் ஆவும்கிறாங்க.”

தான் அப்போது வேலையில் இருக்கமாட்டோம் என்று நினைத்தபடி காசிநாதன் முகமூடியை இறக்கிக்கொண்டார்.

நான்கு இணைப்புகள் போட்டார். குழாய்க்குள் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெளியே ஹீலியம் பீய்ச்சினார்கள். அது உள்ளே புகுந்தால் கருவி காட்டிக்கொடுக்கும். நான்காவது இணைப்பில் கருவியின் முள் எழும்பியது; கசிவு.

பிரிசில்லாவும் அலுத்துப்போயிருந்தார். “மேலயே இன்னொரு வெல்டு ஓட்டிடலாமாண்ணே?”

“வேணாம்மா. மேல மூடுனா நடுவுல காத்து மாட்டிக்கும். அது உள்பக்கமா வருஷக்கணக்குல கசியும். அறுத்துட்டுப் புதுசா போடறேன்.”

மூன்று நாள் ஆயிற்று. வீட்டில் மனைவி லோகநாயகி அவர் கண்ணில் ஈரத்துணி போட்டுக்கொண்டே, “இந்த வயசுல உனக்கு இது ஜாஸ்தி” என்றாள். மறு சோதனையில் முள் அசையவில்லை.

ஆறு மாதம் கழித்து ஆய்வகத்திலிருந்து மெயில் வந்தது. முழுக் குழாயும் செய்யும் பெரிய வேலை இந்தப் பட்டறைக்கு இல்லை. குழாய்களை அங்கேயே இயந்திரம் வைத்து இணைக்கப்போகிறார்கள். பிரிசில்லா அதைச் சொல்லத் தயங்கித் தயங்கி வந்தார்.

“மெஷினுக்குக் கழுத்து நோவாது. நல்லதுதான்” என்றார் காசிநாதன்.

“இன்னொண்ணும் எழுதியிருக்காங்கண்ணே. இணைப்புல கசிஞ்சா மேல பூசக் கூடாது, அறுத்துட்டுத்தான் போடணும்னு விதி வெக்கிறாங்களாம். நாம அனுப்புன சோதனை அறிக்கையைப் பாத்துட்டுத்தான்.”

காசிநாதன் கையுறையைக் கழற்றி, அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, சர்க்கரை ஆலை பாய்லர் குழாய் காத்திருந்த மேஜைக்குப் போனார்.