“குடிங்க” என்று சொன்னவன்

டக்கென்று ஒரு சத்தம். அதன் பின்னாலேயே இன்னொன்று, பிறகு வரிசையாக. முன்னறையில் காபிக் கோப்பைகளைக் கீழே வைக்கிறார்கள்.

சமையலறையில் ஏலக்காய் இடித்துக்கொண்டிருந்த ஃபித்தா கையை நிறுத்தினாள். “வெச்சுட்டாங்கடி. ஒருத்தன்கூட வாயில வைக்கல.”

நாயிஃபா தேநீர்க் குவளைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கரக் ஊரில் பெரியவர்கள் கூட்டமாக வந்து, ஊற்றிக் கொடுத்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால், ஏதோ கேட்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டுக்காரர் “குடிங்க” என்று சொல்லிவிட்டால், கேட்டதைக் கொடுத்தாயிற்று. சொல்லாதவரை காபி ஆறிக்கொண்டிருக்கும். பெண் கேட்க வருகிறவர்களும் இப்படித்தான் உட்காருவார்கள், கொலைப் பழிக்குச் சமாதானம் பேச வருகிறவர்களும் இப்படித்தான். அன்று வந்தவர்கள் கேட்டது, நாயிஃபா மேயர் தேர்தலிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்பதை.

குலத்து ஆண்கள் கூடி ஹாஜி முத்லக்கின் மருமகனை ஒரே வேட்பாளர் என்று முடிவு செய்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெண்களைக் கூப்பிடும் வழக்கம் இல்லை. நாயிஃபா யாரையும் கேட்காமல் போய்த் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

“நீ போய் ஒரு வார்த்தை சொல்லேன்” என்றாள் ஃபித்தா. நாயிஃபாவின் சித்தப்பா மகள்தான், ஆனாலும் கூடப்பிறந்தவள் மாதிரி. “அந்த முத்லக்குக்கு மீசையை முறுக்கத் தெரியும், பேசத் தெரியாது. நீ போனா கோப்பைக்குள்ளயே விழுந்துடுவான்.”

“தோகான் இருக்கான். பாத்துப்பான்.”

தோகான் அவளுடைய தம்பி. எப்போதும் அவன்தான் பார்த்துக்கொண்டான். ஊர்வலத்தில் நின்றதற்காக, டீச்சராக இருந்த அவளைப் பாலைவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். பஸ் போகாத அந்த இடத்துக்குப் பெட்டி, பாய், பூகோளப் படங்கள் எல்லாவற்றையும் தன் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியவன் அவன். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்ட வருஷங்களில், வாரம் தவறாமல் அதிகாரியின் வாசலில் அவளோடு நின்றவனும் அவன்தான்.

பெண்கள் முதல்முதலாகப் பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போட்ட அன்று, “என் பொஞ்சாதி வாசப்படி தாண்ட மாட்டா” என்று கதவைச் சாத்திய வீடுகளுக்கெல்லாம் நாயிஃபா போனாள். பின்வாசல் வழியாக வந்த பெண்களை அவன் லாரியில் ஏற்றி இறக்கினான். அன்றிலிருந்து ஊரில் அவனுக்குப் பெயரே ‘பொம்பளை டிரைவர்’ என்றாகிவிட்டது. சந்தையில் யாராவது அப்படிக் கூப்பிட்டால், “ஏறிக்கடா, உனக்கும் இடம் இருக்கு” என்று சிரிப்பான்.

வெளிநாட்டுக்காரனைக் கட்டிக்கொண்ட பெண்களின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு அவள் மந்திரி அலுவலக வாசலில் உட்கார்ந்தாள். பனியில் உட்கார்ந்தாள், வெயிலில் உட்கார்ந்தாள். சட்டம் அப்படியே இருந்தது. கல்யாணம் என்று ஒரு பேச்சு வந்து போனது. மாப்பிள்ளை வீட்டார் “இந்த வேலையெல்லாம் விட்டுடுவா இல்ல?” என்று கேட்டார்கள். அவள் வாயைத் திறக்கும் முன் தோகான் சொன்னான்: “விட மாட்டா. தேநீர் குடிச்சுட்டுக் கிளம்புங்க.” அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவள் கண் பனிக்கும். முன்பெல்லாம் பனிக்கும்.

முன்னறையில் ஒருவர் செருமினார். வெகுநேரம் கழித்துத் தோகானின் குரல் வந்தது.

“ஆறிப்போகுது, ஹாஜி. குடிங்க.”

ஏலக்காய் இடிக்கும் குட்டி உலக்கை ஃபித்தாவின் மடியில் விழுந்து உருண்டது. “என்னடி சொன்னான் இவன்?”

அந்தப் பக்கம் கோப்பைகளை எடுக்கும் சத்தமும் உறிஞ்சும் சத்தமும். “அல்லாஹ் உன் முகத்தைப் பிரகாசமாக்கட்டும், அபூ ஆயித்!” என்று, ஆயித்தின் அப்பாவான தோகானை வாழ்த்தி முத்லக்கின் குரல் உயர்ந்தது.

நாயிஃபாவுக்குக் கோபம் வரும் என்று ஃபித்தா பயந்தாள். வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்பார்களே, அதுபோல நாயிஃபா தன் மனத்தைக் கிள்ளிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

ஆண்கள் எழுந்து நின்றார்கள். பாதிப் பேரின் மகள்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள்.

“யாரைக் கேக்க வந்தீங்க, ஹாஜி?”

“வீட்டு ஆம்பளையை, டீச்சர்.”

“இவனுக்கு வீடு கீழத்தெருவுல இருக்கு. இது என் சம்பளத்துல கட்டினது. தண்ணிக் குழாய்கூட என் பேர்லதான்.”

முத்லக் சத்தமாகச் சிரித்தார். “டீச்சர் இன்னும் பரீட்சை வைக்கிறதை நிறுத்தல பாருங்க! காபி குடிச்சாச்சும்மா. குடிச்சதைத் திருப்பிக் கோப்பையில ஊத்த முடியுமா? நாளைக்கு மதியத்துக்குள்ள போய்ப் பேரை எடுத்துடுங்க. என் மருமகன் உங்களைக் கேக்காம ஒரு கல்லைக்கூட நகர்த்த மாட்டான்.”

“எடுக்கச் சொல்லி என்னை யாரும் கேக்கலையே.”

யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தோகானின் தோளைத் தட்டினார்கள், வழக்கப்படி மூக்கோடு மூக்கு உரசி விடைபெற்றார்கள், செருப்பைத் தேடினார்கள். போய்விட்டார்கள். ஃபித்தாவும் பின்வாசல் வழியாகப் போனாள். தோகானின் முகத்தைப் பார்த்தால் ஏதாவது எறிந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“வாய் தவறிடுச்சுக்கா” என்றான் அவன். “விருந்தாளிகிட்ட சொல்ற மாதிரி...”

“தோகான்.”

அவன் தலை குனிந்தது.

“தெரிஞ்சுதான் சொன்னேன்” என்றான். “அடுத்த மாசம் ஆயித்துக்குப் பொண்ணு கேக்கப் போகணும். முன்னாடி நடக்க இதே முத்லக்தான் வரணும். அவர் வரலைன்னா அந்த வீட்டுக் கதவு திறக்காது. பையனுக்கு வயசாகுதுக்கா. ரெண்டு வீட்டுல ஏற்கெனவே வேணாம்னுட்டாங்க. ஏன்னு கேட்டேன். ‘இவங்க வீட்டுப் பொம்பளைங்க தெருவுல உக்காருவாங்க’ன்னாங்க.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீ விலகியிருப்பியா?”

அவள் யோசித்தாள். ஆயித்தைப் பிறந்த அன்று கையில் வாங்கியவள் அவள்தான். அவனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அந்தப் பிள்ளைக்காக உயிரைக் கேட்டால் கொடுத்திருப்பாள். இது உயிர் இல்லை.

“மாட்டேன்” என்றாள்.

“அதான் சொல்லல.” அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுதது அவன்தான். “எத்தனை வருஷம்க்கா? சந்தைக்குப் போனா உனக்காகப் பதில், மசூதிக்குப் போனா உனக்காகப் பதில். எனக்குன்னு ஒரு தடவை பதில் சொல்லக் கூடாதா?”

“சொல்லலாம். உன் பேர்ல சொல்லியிருக்கலாம்.”

“நாளைக்குப் போவியா, மாட்டியா?”

“போக மாட்டேன்.”

“அப்போ என் வார்த்தை? ஊர் முன்னாடி குடிங்கன்னு சொல்லி ஏமாத்தினவன்னு காறித் துப்புவாங்க. அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல நான் எந்த முகத்தோட நிப்பேன்?”

  எந்தப் பதிலைச் சொன்னாலும் அது யாரோ சொல்வதுபோலக் காதில் விழும் என்று அவளுக்குத் தோன்றியது. காலி செய்த கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தாள். விரல்கள் வேலை செய்தன.

தோகான் எழுந்து சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டான். இந்த வீட்டுக்கு வந்தால் அவன் போகும்போது எதுவும் சொல்ல மாட்டான். பாதிப் பேச்சில் எழுந்து போவான், மறுநாள் மீதிப் பேச்சோடு வருவான்.

வாசலருகில் நின்றான்.

“உத்தரவு குடுங்க, டீச்சர்” என்றான்.

அது விருந்தாளிகள் சொல்வது. ‘குடு’ என்றே சொல்லிப் பழகிய வாய் ‘குடுங்க’ என்றது. நாயிஃபா நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த தெருவில் கடை வைத்திருக்கும் யாரோ ஒரு வயசான மனிதர் நிற்பதுபோல இருந்தது.

விருந்தாளிக்கு என்ன சொல்ல வேண்டுமோ, அதை அவளும் சொன்னாள்.

“இது உங்க வீடுதான். எப்ப வேணா வாங்க.”

அவன் படியிறங்கினான். தெருமுனை திரும்பும்வரை அவள் நிற்கவில்லை. கதவைச் சாத்தினாள்.