அலமு சொன்ன நாற்பத்தொரு விதிகள்

கொல்கத்தாவின் டாக்குரியா பகுதியில் குடியிருந்த அலமு, அந்நகரில் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். ஆளில்லாத சிறு ஹெலிகாப்டரை ரிமோட்டால் அந்தரத்தில் ஆடாமல் நிறுத்த அங்கே அவள் ஒருத்திக்குத்தான் கைவந்தது. 2003இல் பேராசிரியர் வேதாச்சலம் அந்தக் கைப்பழக்கத்தைக் கணினிக்குக் கொடுத்துப் பார்க்க நினைத்தார்.

“மூக்கு லேசா கீழ சாஞ்சா என்ன பண்ணுவே அலமு?”

“ரிமோட் குச்சியை லேசா பின்னால இழுப்பேன் சார்.”

“வேகமா சாஞ்சா?”

“கொஞ்சம் கூட இழுப்பேன்.”

எவ்வளவு என்று எண்ணில் சொல்ல வேண்டாம், ‘லேசா’, ‘கொஞ்சம் கூட’ என்பதே போதும் என்றார் அவர். ஃபஸி லாஜிக் என்ற கணக்குமுறைக்கு அத்தகைய சொற்களே விதிகள். மூன்று மாதத்தில் நாற்பத்தொரு விதிகள் சேர்ந்தன.

சோதனையன்று கல்லூரிக் குளத்தருகே கணினியே ஓட்டியது. ரிமோட்டை அணைத்துவிடச் சொல்லியிருந்தார்கள். ஹெலிகாப்டர் தலைக்குமேல் அசையாமல் நின்றது. திடீரென்று கால்பைசாகி என்னும் வங்காளத்துக் கோடைப்புயல் காற்று பக்கவாட்டில் அடித்தது. வால் சுழன்று ஹெலிகாப்டர் குளத்துப் பக்கம் போயிற்று. அலமுவின் கட்டைவிரல்கள் வெறுங்காற்றில் துடித்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தண்ணீரில் விழுந்தது.

“உன் கையில இருந்திருந்தா?” என்று கேட்டார் வேதாச்சலம்.

“காப்பாத்தியிருப்பேன் சார். போன வருஷம் இதே காத்துல ரெண்டு தடவை இறக்கியிருக்கேன்.”

“எப்படி? ஏன் எங்கிட்ட சொல்லலை?”

அலமு யோசித்தாள். அப்போது விரல்கள் என்ன செய்தன என்று அவளுக்கே தெரியவில்லை.

“சொல்ல வரலை சார்.”

இருந்தது அந்த ஒரு ஹெலிகாப்டர்தான். இன்னொன்று வரவில்லை. அதனால் அந்தக் காற்றில் அவள் விரல்கள் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லாமல் போயிற்று.