தியேரி கொண்டுபோன பெட்டி

1987 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. காரைக்காலிலிருந்து காலை ஒன்பதரை மணி மெட்ராஸ் பேருந்தில் தியேரி பிரான்சுக்குக் கிளம்பினான். அவனுடைய பெட்டியைப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு அவன் நண்பரான என் மாமா நீலமேகத்துக்கு. இருவருக்கும் பதினெட்டு வயது. பெட்டி என்றால் துணிப்பெட்டி இல்லை. ஒரு சட்டையை மடித்து வைக்கும் அளவுள்ள அட்டைப்பெட்டி. மூடியில் குதிரைமேல் ஒரு வீரன், அவனுக்குப் பின்னால் எரிகிற கோட்டை.

இன்னொரு நண்பரான காஜா நஜ்முதீன் வீட்டுக் குடைக்கடை மாடியில் இருந்த அந்தப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு மாமா புறப்பட்டார். ஐந்து நிமிட வழி. மாமா அரசலாற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினார். செயின் கழன்றுவிட்டது என்று சொல்ல வசதியாகக் கையில் கிரீஸைத் தடவிக்கொண்டார். பேருந்து போயிருக்க வேண்டிய நேரம் தாண்டி இருபது நிமிடம் ஆகியிருந்தது. போகவில்லை. ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார். தியேரி ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"கைல என்னடா கறுப்பு?"

"செயின் கழண்டுருச்சு."

"நல்லவேள, வந்துட்ட."

இதை மாமாவே என்னிடம் சொன்னார். சொல்லும்போது வெட்கப்படவில்லை. "இன்னொரு டீ குடிக்காம அந்த டிரைவர் வண்டிய எடுத்திருந்தா, பொட்டி இன்னிக்கு நெடுங்காட்டுல இருந்திருக்கும்" என்றார்.

மாமாவுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. காரைக்காலில் வேளாண் அலுவலகம் ஒன்றில் எழுத்தர். நெடுங்காட்டில் மூன்று மா நிலம், ஒரு பழைய ஸ்கூட்டர். அத்தை திரிபுரசுந்தரியின் சாம்பாரைக் குறை சொல்வதில்லை, அரசியல் பேசுவதில்லை, யாரிடமும் குரலை உயர்த்துவதில்லை. ஊரில் அவரைக் குறித்துக் கேட்டால், "நல்ல மனுஷன், பாவம்" என்பார்கள். ஏழு வருடம் வெளிநாடுகளில் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது எனக்கும் அவரைப்பற்றி அவ்வளவுதான் தெரியும். அந்த மனிதர் ஒரு அட்டைப்பெட்டியின்மேல் முப்பத்தேழு வருடமாக வயிறெரிந்துகொண்டிருக்கிறார் என்பது போன வருடம்தான் தெரிந்தது.

பெட்டியைக் கொண்டுவந்தவர் தியேரியின் பெரியப்பா. பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். தமிழ்க் குடும்பம்தான், காரைக்கால் தலத்தெருவில் அவர்கள் வீடு. 1985இல் விடுமுறைக்கு வந்தபோது கடைக்காரர் ஏதோ கொடுத்தார் என்று வாங்கிவந்த பரிசு. உள்ளே நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு விதிப்புத்தகம், ஐந்து பகடைகள், ஒரு மெழுகுப் பென்சில். பகடையின் எண்கள் வெறும் பள்ளங்களாகத்தான் இருக்கும். மெழுகைத் தேய்த்து நாமே நிறம் ஏற்ற வேண்டும். ஆட்டம் இதுதான்: ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதவைத் திறக்கிறேன், ஓடுகிறேன், அவனை நம்புகிறேன் என்று நாம் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும்.

ஆடியவர்கள் நான்கு பேர். தியேரி, மாமா, காஜா, என் அம்மா உமாமகேஸ்வரி. அண்ணன் கூட இருக்கிறான் என்பதால் அம்மாவை அனுப்பினார்கள். புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. மாமா, அம்மா, காஜா மூவரும் பள்ளியில் பிரெஞ்சை எடுக்கவில்லை. தியேரி வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. ஆகவே தியேரிதான் புத்தகத்தைப் பார்த்து, வாய்க்குள் முணுமுணுத்து, தமிழில் விதியைச் சொல்வான். அவனே கதையும் சொல்வான்.

விதிகள் விசித்திரமானவை. கதைக்குள் வாக்குத் தவறியவன் எழுந்து நிற்க வேண்டும், தோழர்களில் ஒருவர் மன்னிக்கும் வரை உட்காரக் கூடாது. வலது கையில் அடிபட்டவன் அன்று ஆட்டம் முடியும்வரை எல்லாவற்றையும் இடது கையால் செய்ய வேண்டும். செத்துப்போனவன் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து காற்றாகப் பேசலாம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

"காஜா மூணு மணி நேரம் நின்னாரு. நான் மன்னிக்கவே இல்ல" என்று அம்மா இன்றும் சிரிக்கிறாள். "கீழ அவங்க வாப்பா குடை எடுத்துட்டு வாடான்னு கத்துறாங்க. இவரு, உமா, ஒரு வார்த்த சொல்லு தாயி, கால் வலிக்குதுங்கிறாரு."

தியேரி கிளம்பப் பதினோரு நாள் இருந்தபோது, மாமா பெட்டியை இரவல் கேட்டு வாங்கி விதிப்புத்தகத்தை நோட்டில் கையால் எழுதிக்கொண்டார். மொழி தெரியாது. ஆங்கில எழுத்து தெரியும், அதே எழுத்துதானே என்று எழுதினார். எழுத்துகளுக்குமேல் இருந்த கொக்கிகள், பக்க எண்கள், கடைசிப் பக்கத்து அச்சக முகவரி எதையும் விடவில்லை. பகடையை எழுத முடியாது. எனவே தியேரி போன பிறகு, பேருந்துச் சீட்டுகளை ஒரு பால்பவுடர் டின்னில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்து, அதன் கடைசி எண்ணைப் பார்த்தார்கள். அம்பகரத்தூர் வண்டிச் சீட்டில் பெரிய எண் விழும் என்று காஜாவுக்கு நம்பிக்கை. அப்படியே ஆறு வருடம் ஓடியது. மாமாதான் நடத்தினார். 1993இல் அம்மாவுக்குக் கல்யாணம் ஆனதும் நின்றுபோனது.

போன வருடம் ஆகஸ்டில் காஜா தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு நெடுங்காட்டுக்கு வந்தார். பிரான்சில் அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கு ஒரு குழு இருக்கிறதாம். நரைத்த தலைகள். பழைய பெட்டிகளின் படத்தைப் போட்டு, அந்தத் தாளின் வாசனை, மெழுகு உதிர்ந்த பகடை, பென்சிலால் அழித்து அழித்துக் கிழிந்த காகிதம் என்று ஏங்குகிறார்கள். தியேரியும் படம் போட்டிருந்தான். அதே வீரன், அதே கோட்டை. மூடியின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை. அதன்கீழே முந்நூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அந்தக் கறை என்னுது."

"என்ன மச்சான்?"

"மத்தி மீன் கொழம்பு. எங்க வீட்ல வச்சிருந்தப்ப நான்தான் சிந்துனேன். என் கறைக்கு அவன் லைக் வாங்குறான்."

காஜா சிரித்துக்கொண்டே அடுத்த செய்தியைச் சொன்னார். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லோரும் காணொளியில் கூடுகிறார்கள். ஆளுக்கொரு பழைய பொருளைக் காட்டிப் பேச வேண்டும். நீலமேகத்தையும் கூப்பிடு என்று தியேரி சொல்லியிருக்கிறான்.

அன்று மாமாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அன்பாகத் தெரியவில்லை. பரணிலிருந்து நோட்டை இறக்கித் தூசி தட்டினார். "அவன்கிட்ட இருக்குறது அச்சடிச்சது. காசு கொடுத்தா யாருக்கும் கெடைக்கும். இது ஒலகத்துலயே ஒண்ணு" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கவியா, அவன் நல்லா கத சொன்னான், இல்லேங்கல. ஆனா அவன்கிட்ட பொட்டி இருந்துச்சு. பொட்டி எங்கிட்ட இருந்து, படிக்கத் தெரிஞ்சிருந்தா நானும்தான் அவன மாதிரி சொல்லியிருப்பேன்." இதை அவர் முதல்முறையாகச் சொல்லவில்லை என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது. அவரைச் சாய்த்து உட்கார வைத்திருந்த சுவர் அது.

எனக்குப் பிரெஞ்சு தெரியும். பிரான்சில் லியோன் நகரத்து விடுதி ஒன்றில் இரண்டு வருடம் படுக்கை விரிக்கும் வேலை பார்த்தேன். மன்னிக்கும்வரை நிற்கும் விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து அடையாளம் வைத்துக் கொடு என்றார் மாமா. அதைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து வாசிக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

இரண்டு நாள் படித்தேன். எவ்வளவு எடை சுமந்தால் எத்தனை மீட்டர் நடக்கலாம், தீப்பந்தம் எத்தனை நிமிடம் எரியும், இரும்புச் சட்டை போட்டவன் ஆற்றில் விழுந்தால் என்ன ஆகும். அட்டவணைக்குமேல் அட்டவணை. நிற்கும் விதி இல்லை. இடது கை இல்லை. காற்று இல்லை. நாற்பத்தெட்டுப் பக்கமும் எண் மாறாமல் இருந்தது. ஒரு பக்கம்கூட விடுபடவில்லை. தியேரிக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரிந்திருக்காது என்று அப்போதுதான் தோன்றியது. குடியுரிமை இருந்தால் மொழியும் இருக்கும் என்று இவர்கள் மூன்று பேரும் நம்பியிருக்கிறார்கள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஏதோ ஒரு பக்கத்தில் அடையாளம் வைத்துக் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த இரண்டு நாளும் அம்மாவும் காஜாவும் மாமாவும் வாசலில் உட்கார்ந்து, "ஞாபகம் இருக்கா, ஞாபகம் இருக்கா" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பத்தொன்பது நாடுகள் பார்த்தவள். ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க எனக்கு ஒரு ஆள் கிடையாது. இவர்கள் குடைக்கடை மாடியைவிட்டு இறங்காமலே அப்படி ஒரு நாட்டுக்குப் போய்வந்திருக்கிறார்கள். சனிக்கிழமை மதியம், மாமா சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் சொன்னேன்.

"அந்த விதி இதுல இல்ல மாமா. எதுவுமே இல்ல."

"நல்லா பாத்தியா? நான் எழுதுறப்ப விட்டிருப்பேன்."

"பக்க நம்பர் சரியா இருக்கு. தியேரி படிச்சு சொல்லல. அவராவே சொல்லியிருக்காரு."

ஏமாற்றிவிட்டான் என்று கோபப்படுவார், அல்லது சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். மாமா நோட்டை மூடி, அட்டையைக் கையால் துடைத்தார்.

"அப்ப அதெல்லாம் அவன் தலைலேருந்தா வந்துச்சு?"

"ஆமா."

"பதினாறு வயசுல?"

அவர் எழுந்து வயல் பக்கம் போய்விட்டார். நான் இடித்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. பெட்டியைக் காரணம் காட்டி அவர் தியேரியைத் தனக்குச் சமமாக வைத்திருந்தார். இனி காட்டுவதற்குப் பெட்டி இல்லை.

மறுநாள் காணொளிக்கு அவர் வரவில்லை. காஜா மட்டும் கலந்துகொண்டார். முடிந்ததும் நெடுங்காட்டுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒனக்கு எதுக்கும்மா இந்த வேல? விதி எழுதியிருந்தா என்ன, எழுதாட்டி என்ன? நான் நின்னேன்ல, மூணு மணி நேரம்? அது பொய்யா?"

அத்தை உள்ளேயிருந்து சொன்னாள். "முப்பத்தேழு வருஷமா ஒரு பொட்டிய நெனச்சுப் பொறாமப்பட்டாரு. இப்ப ஒரு தலைய நெனச்சுப் பொறாமப்படுறாரு. பொட்டியா இருந்தா தூக்கிக் கடாசலாம், தலைய என்ன பண்றது?"

அன்று மாலை மாமா தியேரிக்கு ஒரே ஒரு வரி அனுப்பினார். "அந்தப் புத்தகத்தப் படிச்சுத்தான் விதி சொன்னியா?" இரண்டு நீலக் குறிகள் வந்தன. பதில் வரவில்லை. அக்டோபரிலும் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. மாமா அலுவலகம் போனார், உரம் போட்டார், அறுவடை ஆள் பிடித்தார். கைப்பேசியைப் பார்ப்பார், வைப்பார். ஒருநாள் என்னிடம், "சொல்லிட்டா கெத்து போயிரும்னு பேசாம இருக்கான்" என்றார். இன்னொரு நாள், "நான்லாம் பதில் போடத் தக்க ஆளா அவனுக்கு" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ என்ன பண்ணுவ, உள்ளதத்தான சொன்ன" என்றார். அதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

அந்த ஆறு வருடம் மாமா எப்படி நடத்தினார் என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். அம்மா யோசித்தாள். "தியேரி சொன்னா கைதட்டுவோம். அண்ணன் சொன்னா பேசாம ஆயிடுவோம். கீழ எறங்கி வீட்டுக்குப் போறதுக்கே பயமா இருக்கும்." இதை அவரிடம் சொல்லேன் என்றேன். "அவருகிட்டயா? தியேரி சொன்னதத்தான் நானும் சொன்னேன்னுவாரு" என்றாள்.

இந்த வருடம் மே மாதம், எட்டு மாதம் கழித்து, குரல் செய்தி ஒன்று வந்தது. மாமா அதைத் தனியாகக் கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகக் குடைக்கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். கல்லாமேல் கைப்பேசியை வைத்து அழுத்தினார். தியேரியின் தமிழில் ஒன்றும் மாறவில்லை. தலத்தெருவிலிருந்து பேசுவதுபோலவே இருந்தது.

"நீலமேகம், தியேரி பேசுறேன். அப்ப எனக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாதுடா. இங்க வந்து நாலு வருஷம் கழிச்சுத்தான் அந்தப் புத்தகத்தப் படிச்சேன். தீப்பந்தம் எத்தன நிமிஷம் எரியும்னு போட்டிருக்கு, அதத் தவிர ஒண்ணுமில்ல. ஒன் மெசேஜ் பாத்த அன்னிக்கே சொல்லியிருப்பேன். ஆனா அந்த வீடியோவுல காஜா ஒண்ணு சொன்னான் பாரு. நான் வந்தப்புறம் ஆறு வருஷம் நீ நடத்துனியாம், அது என்னுதவிட நல்லா இருந்துச்சாம். அதுலேருந்து எனக்கு வாய் வரலடா. இங்க உள்ளவங்க புத்தகத்த வச்சுத்தான் ஆடுவாங்க, என்னைய ஒருநாளும் நடத்தச் சொன்னதில்ல. நான் அங்க சொன்னது ரெண்டே வருஷம். ஒனக்கு ஆறு. பொட்டியும் இல்லாம, படிக்கவும் தெரியாம... எத வச்சுடா நடத்துன?"