கண்டக்டர் நிற்கும் தூரம்

பதினோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த மனுஷன் மாடு விற்க வந்தால் என்ன ஆகும்? அக்கம்பக்கத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவர் மாட்டைப் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான். மனைவி மாட்டுப் பண்ணைக்காரருக்கு ஒரே பெண், பண்ணையை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இவர் தோல்பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து சேர்ந்தார். வேலைதான் போனதே தவிர கண்டக்டர் என்கிற பெயர் போகவில்லை. மாமனாரே 'மாப்பிள்ளை' என்று ஆரம்பித்து 'கண்டக்டரே' என்றுதான் முடிப்பார்.

அது சாதாரணப் பண்ணையும் இல்லை. முட்டுகிற மாடு, உதைக்கிற மாடு, வேலி தாண்டுகிற மாடு, லாரியைக் கண்டதும் படுத்துக்கொள்கிற மாடு என்று மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டு தள்ளிவிடுவதையெல்லாம் மலிவாக வாங்கி, பழக்கி விற்பதுதான் குடும்பத் தொழில். பழக்குவது மனைவி. மாட்டுக்கு நேர் எதிரே போய் நிற்கவே மாட்டாள். தோள்பட்டைப் பக்கமாகப் போவாள். ஓர் அடி வைப்பாள், நிற்பாள். மாடு காதைத் திருப்பினால் ஓர் அடி பின்னால் வருவாள். இப்படியே அரை மணி நேரம் போகும். பார்க்கிறவனுக்குப் பைத்தியம் பிடிக்கும்; மாட்டுக்குப் பிடித்திருந்தது தெளிந்துவிடும்.

விற்பது கண்டக்டர், ஏனென்றால் அந்த வீட்டில் வாய் இருந்தது அவருக்கு மட்டும்தான். லாரியில் மாடு ஏறும்போதுகூட, "படியில நிக்காதம்மா, உள்ள இடம் காலியாத்தானே இருக்கு" என்பார். ஏற்றுகிற ஆட்கள் சிரித்துக் கயிற்றை விட்டுவிடுவார்கள்.

ஆனால் பயம் என்று ஒன்று இருக்கிறதே! முதல் வியாபாரத்திலேயே மானம் போனது. "பூ மாதிரி மாடுங்க, குழந்தைகூடப் பால் கறக்கலாம்" என்று தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நின்றுகொண்டு அளந்துகொண்டிருந்தார்.

"பூ மாதிரின்னா நீங்க ஏங்க அங்க நிக்கிறீங்க?" என்று வாங்க வந்தவர் கேட்டார்.

"பயமா இருக்குங்க" என்று உண்மை வாயில் வந்துவிட்டது.

வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். உதைக்கும் என்று தெரிந்தே, கயிறும் ஆளும் கொண்டுவந்து அந்த மாட்டை ஓட்டிப்போனார். அன்றிலிருந்து விஷயம் பரவிவிட்டது. அந்தப் பண்ணைக்கு மாடு வாங்க வருகிறவர்கள் மாட்டின் பல்லைப் பார்ப்பதில்லை. கண்டக்டர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பார்கள். இரண்டடியில் நின்றால் சாது. ஐந்தடி என்றால் கொஞ்சம் கவனம். பத்தடிக்கு மேல் போனால் கூட இரண்டு ஆள் வேண்டும். அவர் வாய் ஆயிரம் சொல்லட்டும், இந்தக் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இந்தச் சமயத்தில்தான் செக்கிங்கம்மா வந்து சேர்ந்தாள். கறுப்பு மாடு, ஒரு கொம்பு உள்பக்கமாக வளைந்திருக்கும். அது நிமிர்ந்து பார்த்தால், பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறியதுபோல இவருக்கு வியர்க்கும். அதனால் அந்தப் பெயர். மனைவி எட்டு மாதம் பாடுபட்டாள். ஒரு நாள் கேட்டைச் சாத்தும்போது மாடு சட்டென்று திரும்பி அவளைக் கேட் தூணோடு வைத்து அழுத்திவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்தது. முழங்கை வரை கட்டுப் போட்டார்கள். மறுநாள் காலையில் பார்த்தால், மகராசி இடது கையில் புல்லை வைத்துக்கொண்டு அதே மாட்டின் பக்கத்தில் நிற்கிறாள்!

"நான்தான் தப்பான இடத்துல நின்னேன். அது என்ன பண்ணும்?"

"நெஞ்சுல அழுத்தியிருந்தா?"

"அழுத்தலயே."

நாலு ஆளும் இரும்புக் கூண்டும் வைத்து முரட்டு மாடுகளைப் பார்த்துக்கொள்கிற பெரிய பண்ணை ஒன்று இருந்தது. ஒரு போன் போட்டால் வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆனால் அங்கே இவள்தான் பேச வேண்டும், மாட்டைப் பற்றி அவர்கள் அவளிடம்தான் கேட்பார்கள். அவள் பேசமாட்டேன் என்றாள்.

"அங்க மாட்டுக்கு நம்பர்தான், பேர் கிடையாது. என்னால முடியாத மாடுன்னு என் வாயால சொல்லணுமா? வீட்டு மாடா வளக்கிறவங்க வரட்டும், குடுக்கிறேன்."

அந்தக் கறுப்பு ராட்சசியை வீட்டில் வைத்து வளர்க்க யார் வருவார்கள்? கை முறிந்த பதினெட்டாம் நாள் வந்தார் ஒரு தச்சர், கூடவே இருபது வயது மகளையும் அழைத்துக்கொண்டு. கண்டக்டர் காலையிலேயே முடிவு பண்ணிவிட்டார். வேலிக்குள் போனார். நேராக மாட்டின் பக்கத்தில் போய், அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கொட்டகையில் மனைவி கையிலிருந்து வாளி விழுந்தது. செக்கிங்கம்மாவோ வைக்கோலை மென்றுகொண்டு சாமியார் போல நின்றாள்.

தச்சருக்கு வாயெல்லாம் பல். "அட, கண்டக்டரே தொட்டுக்கிட்டு நிக்கிறாரு! இதுக்கு மேல என்ன பாக்கிறது? பாப்பா, கயித்தைப் பிடி. இனிமே இது உன் பொறுப்பு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வேலிக்குள் வந்து வலது கையை நீட்டினாள். மெல்லிய மணிக்கட்டு, அதில் ஒரு பழைய வாட்ச். கண்டக்டர் அதைப் பார்த்தார். அடப்பாவி, என்னடா செய்துகொண்டிருக்கிறாய் என்று அவருக்கே கேட்டது.

"வராதம்மா! வெளிய போ, முதல்ல வெளிய போ!"

பெண் திகைத்துப்போய் வெளியே ஓடினாள். கண்டக்டரும் பின்னாலேயே நகர்ந்தார். தொட்டியைத் தாண்டினார், கேட்டைத் தாண்டினார், தச்சரின் வண்டி முதுகில் இடிக்கும்வரை நிற்கவே இல்லை. தச்சரின் பார்வை ஒவ்வோர் அடியாகக் கூடவே வந்தது.

"என் வீட்டுக்காரி கையை ஒடிச்ச மாடுங்க. எப்படியாவது போய்த் தொலையட்டும்னு நின்னேன். மன்னிச்சிடுங்க."

"உங்களை நம்பித்தானய்யா வந்தேன்! என் பொண்ணு கையில கயித்தைக் குடுக்கப் பாத்தீங்களே!" தச்சர் இன்னும் நாலு வார்த்தை கேட்டார். எல்லாம் நியாயமான வார்த்தைகள். மகளை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார்.

மனைவி கொட்டகையிலிருந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எனக்கு மூச்சே நின்னுபோச்சு. உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? அது திரும்பியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"உனக்கு ஒரு நிமிஷம்தான் மூச்சு நின்னுச்சு. எனக்கு உன் கை ஒடிஞ்ச அன்னிலேர்ந்து அப்படியேதான் இருக்கு" என்றார் கண்டக்டர். "மாடு முட்டும்னு எனக்குப் பயம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா நீ இல்லாமப் போயிடுவியோங்கிறது அதைவிடப் பெரிய பயம். அதுல எங்க போய் நிக்கிறதுன்னே எனக்குத் தெரியல."

அவள் அவர் சட்டைப் பையில் இருந்த போனை எடுத்தாள். இடது கைப் பெருவிரலால் தடுமாறித் தடுமாறி எண்களை அழுத்தினாள்.

"பெரிய பண்ணைங்களா? எங்ககிட்ட ஒரு கறுப்பு மாடு இருக்கு. கேட் பக்கத்துல திரும்பி அழுத்தும், என் கையை ஒடிச்சிருக்கு. எட்டு மாசம் பாத்தேன். என்னால முடியல." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கா? வேணாங்க, இன்னிக்கே வாங்க. எங்க வீட்டுக்காரர் பதினெட்டு நாளாத் தூங்கல."