இகரத்தின் வயிறு

எழுத்துரு வடிவமைக்கும் அந்த அலுவலகத்தில் அவளுக்கு உருண்டை என்று பெயர். ஆள் ஒல்லிதான், வரைகிற எழுத்துதான் உருண்டை. மருந்துப் பெட்டிகளுக்குப் பொடி எழுத்து வரைந்து வரைந்து அலுத்துப்போனவள். ஒரு பொம்மைக் கம்பெனி குதூகலமான எழுத்துரு கேட்டபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கூரான முனை ஒன்றுகூட இல்லாமல் ஊதிவிட்ட பலூன் மாதிரி வரைந்தாள். அவளுடைய அகரம் துதிக்கையை ஆட்டியது. ணகரம் பந்து உருட்டிக்கொண்டு போனது.

எழுத்தின் மூடிய வளைவுக்கு அங்கே வயிறு என்று பேச்சு. எழுத்துகளுக்கு இடைவெளி பார்க்கும் பக்கத்து மேசை அண்ணன் காலையில் வந்ததுமே ஆரம்பித்துவிடுவார்: "உருண்டை, 'கு' பட்டினி கிடக்குது பாரு. வயித்த ரொப்பு." அவளுக்கு ஆறாம் மாதம் ஆனபோது, "எழுத்தா, புள்ளையா, ரெண்டுல எது முதல்ல ரெடியாகுதுன்னு பாப்போம்" என்று பந்தயமே கட்டினார்.

குழந்தை தங்கவில்லை.

அவள் படுக்கையில் கிடந்தபோது மிச்ச எழுத்துகளை அண்ணனே வரைந்தார். அவள் திரும்பி வந்த அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை. தேநீர் மட்டும் மேசை தேடி வந்தது. மேனேஜர் அச்செடுத்த தாளை நீட்டினார்.

"பொம்மைக் கம்பெனில பிடிக்கலையாம். சிரிப்பே இல்லன்றாங்க. இன்னைக்குச் சரியாகலைன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடுவாங்க. இந்த 'இ'யோட... அது வந்து... அந்த நடுவுல..."

"வளைவு," என்றார் அண்ணன் அவசரமாக.

தாளில் அவள் வரைந்தவை கொழுகொழுவென்று இருந்தன. அண்ணன் வரைந்தவை ஒன்றுவிடாமல் ஒட்டிப்போயிருந்தன. கை வராதவர் அல்ல அவர். அந்த நாட்களில் ஒரு வயிற்றை ஊதிப் பெரிதாக்க அவருக்கு மனம் வரவில்லை.

அவளிடம் மிச்சம் இருந்தது இந்த வேலை ஒன்றுதான். இதுவும் கைநழுவினால் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான். இகரத்தைத் திரையில் திறந்து வளைவை வெளியே இழுத்தாள். எவ்வளவு இழுப்பது என்று பிடிபடவில்லை. போதும், போதாது என்று எப்போதும் அண்ணன்தான் சொல்வார்.

"அண்ணா, சொல்லுங்க."

"என்னத்தம்மா சொல்ல?"

"எப்பவும் சொல்றத. நீங்க வாய மூடிட்டு இருந்தா எனக்குக் கை ஓட மாட்டேங்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேணாம்மா. நீயே பாத்துப் போடு."

"எல்லாரும் இப்படிப் பயந்து பயந்து பேசினா, அப்படி ஒரு குழந்தை இருந்ததே இல்லைன்ற மாதிரி இருக்குண்ணா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "வயிறு... பத்தலம்மா."

இழுத்தாள்.

"இன்னும்."

இழுத்தாள்.

"போதும். நெறஞ்சிடுச்சு."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் தேம்பவில்லை, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. நிறைமாதமாய் நின்ற இகரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைத் திரையைவிட்டு நகர்த்தினாள்.

"அடுத்தது?" என்றார் அவர், திரும்பாமலே.

"டு."