அரை மாத்திரை

அப்பாவைச் சேர்த்திருந்த இல்லத்திலிருந்து ஒரு திங்கட்கிழமை காலை எனக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. பதினெட்டு விநாடிதான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே தட்டோடு நிற்கும் அட்டெண்டரை நோக்கி விரலை நீட்டி, "சோர்! சோர்!" என்று கத்துகிறார். கீழே மேனேஜரம்மா இந்தியில் எழுதியிருந்தார்: அங்கிள்ஜி எங்கள் ஊழியர்களைத் திருடன் என்கிறார், அவர்கள் மனம் புண்பட்டிருக்கிறது. பக்கத்தில் கைகூப்பும் பொம்மை வேறு.

எனக்கு மானம் போயிற்று. அப்பா நாற்பது வருஷம் இந்தத் தலைநகரில் சர்க்கார் ஆபீஸில் இருந்தவர், பியூனைக்கூட 'ஆப்' என்று மரியாதை போட்டுத்தான் கூப்பிடுவார். அவர் வாயிலா இந்தப் பேச்சு! மறதி நோய் வந்தால் மனுஷனே மாறிவிடுகிறான் என்று என் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரியிடம் அரைமணி நேரம் வேதாந்தம் பேசினேன். இப்போது நினைத்தால் அந்த வாயில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம்போல இருக்கிறது.

வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல்தான் சேர்த்தோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். அப்பா இரண்டு முறை கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு முறையும் கோல் மார்க்கெட்டில், எப்போதோ காலி செய்த எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று, யாரோ ஒரு பஞ்சாபிக் குடும்பத்தை வெளியே போகச் சொல்லிக்கொண்டிருந்தார். துவாரகா தாண்டியிருந்த அந்த இல்லம் சுத்தமாக இருந்தது. வாசலில் செயற்கைப் புல். போதாதா, ஏமாறுவதற்கு?

அந்தச் சனிக்கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன். மேனேஜரம்மா என்னை உட்காரவைத்து, "ஹம்னே இன்க்வயரி கர் லீ ஹை, மேடம்" என்றார். விசாரணை என்றால் நிஜமாகவே விசாரணை. மூன்று அட்டெண்டர்களையும் அப்பா முன்னால் வரிசையாக நிறுத்தி, பேண்ட் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவனிடம் புகையிலைப் பொட்டலம், ஒருவனிடம் சீப்பு, மூன்றாமவனிடம் இரண்டு மிட்டாய். அப்பா மிட்டாயை மட்டும் உற்றுப் பார்த்தாராம். திருட்டுப்போன பொருள் என்னவென்று புகார்தாரரால் சொல்ல முடியவில்லை என்று இரண்டு பக்கத்துக்கு அறிக்கை. அதன் அடியில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அறிக்கையோடு ஓர் அட்டவணையும் இருந்தது. அப்பா திருட்டுப் புகார் சொல்லும் நேரங்கள்: காலை எட்டரை, மதியம் ஒன்று, மாலை ஏழு. "டைம்டேபிள் மாதிரி வருது மேடம், இந்த நோயே அப்படித்தான்" என்று மேனேஜரம்மா இந்தியில் விளக்கினார். நானும் தலையை ஆட்டினேன். எட்டரைக்கும் ஒன்றுக்கும் ஏழுக்கும் என்ன நடக்கும் என்று ஒரு குழந்தையைக் கேட்டால்கூடச் சொல்லியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை.

அவர் மனசு சமாதானமாகட்டும் என்று ஒரு பூட்டையும் சாவியையும் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். பல் செட்டைச் சேர்த்த வாரமே கழற்றி எடுத்து வைத்துவிட்டார்களாம், கோபத்தில் கடித்துவிடுவாராம். இன்னொரு காகிதமும் வந்தது. காலையில் அரை மாத்திரை, மாலையில் அரை மாத்திரை, அமைதியாக இருக்க. அதிலும் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், எல்லோரும் சொல்வார்கள்.

கிளம்பும்போது மிட்டாய்க்கார அட்டெண்டர், வாட்டசாட்டமான ஆள், கண் கலங்க என்னிடம் வந்தான். "மேடம்ஜி, ரோஸ் சோர் சுன்தா ஹூன். மேரீ பீ இஸ்ஸத் ஹை." தினமும் திருடன் பட்டம் கேட்கிறானாம், அவனுக்கும் மானம் மரியாதை உண்டாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுவாரம் மூன்று பேருக்கும் மூன்று டப்பா பர்ஃபி வாங்கிக்கொண்டு போய், கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அப்பா அந்த டப்பாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இனிப்பு அவருக்கு ஆகாது என்று நான் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

அவர் இளைத்துக்கொண்டே வந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. கேட்டால், "காதே நஹீன், மேடம்" என்றார்கள். சாப்பிடுவதே இல்லையாம். நோய் முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குளிர் ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு ரஜாய், பஞ்சடைத்த கனத்த போர்வை, கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த மூட்டையை ஒருத்தியாகத் தூக்க முடியாது. எங்கள் வீட்டில் எட்டு வருஷமாக வேலை செய்யும் கள்ளக்குறிச்சிப் பெண், "நானும் வரேங்க்கா, பெரியவர பாத்து எம்மா நாளாச்சி" என்று கிளம்பினாள். பார்வை நேரம் நாலு மணி. அவளுக்கு மதியம்தான் ஒழிந்தது. அதனால் ஒரு மணிக்கே போய் நின்றோம். வாசலில் செக்யூரிட்டி சாப்பிடப் போயிருந்தான், நேராக மாடிக்கு ஏறிவிட்டோம்.

அப்பாவை நாற்காலியோடு சேர்த்து ஒரு ரோஸ் கலர் துப்பட்டாவால் இடுப்பில் கட்டியிருந்தார்கள். கழுத்தில் பூட்டு. எதிரே என் பர்ஃபியைத் தின்ற வாட்டசாட்டம், கையில் தட்டு. அப்பா விரலை நீட்டி, "சோர்! சோர்!" என்றார்.

"அச்சா? மை சோர்? தோ சோர் கே ஹாத் கா கியோன் காவோகே?" என்றான் அவன். திருடன் கையால் நீ ஏன் சாப்பிட வேண்டும் என்று கேட்டுவிட்டு, தட்டிலிருந்த ரொட்டியைப் பருப்பில் தோய்த்துத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டான். நிதானமாக மென்றான். தினசரி வேலையைச் செய்கிறவனின் நிதானம் அது.

நான் வாசலிலேயே நின்றேன். என்னோடு வந்தவள் நிற்கவில்லை. ரஜாயைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"யக்கா! இன்னாக்கா பாத்துகினு நிக்கிற? பெரியவரு சோறு கேக்குறாரு!"

"இல்லம்மா, அவர் இவங்கள திருடன்னு..."

"திருடனாவது மண்ணாவது! சோறு சோறுன்னு வயிறு எரிஞ்சி கத்துறாரு. உன் காதுல ஈயத்தயா காச்சி ஊத்திக்கீறாங்க?"

ஐயோ! என்னவென்று சொல்ல! அப்பா நாகர்கோவில்காரர். அந்தப் பக்கத்தில் சோற்றை ஒரு அழுத்தத்தோடு 'ச்சோறு' என்பார்கள். அம்மா கும்பகோணம். எங்கள் வீட்டில் சாதம்தான். "அதென்ன, சோறு கீறுன்னு!" என்று அம்மா கல்யாணமான புதிதில் கேலி செய்ததில், அப்பா அந்த வார்த்தையை விட்டே விட்டார். நான் பிறந்ததிலிருந்து அவர் வாயில் அதைக் கேட்டதில்லை. நோய் வந்ததும் நாற்பது வருஷ இந்தி முதலில் போயிற்று, அம்மாவின் சாதமும் போயிற்று, சின்ன வயசுச் சோறு மட்டும் மிச்சமிருந்தது. பல் செட்டைக் கழற்றியதில் கடைசி 'உ' என்ற அதன் வாலும் அறுந்து, இந்திக் காதுக்குத் திருடனாகிவிட்டது.

புசா ரோடு பள்ளியில் தமிழ் படித்தவள் நான். குற்றியலுகரத்தின் ஆறு வகையையும் மூச்சு விடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். சோறு, நெடில்தொடர்க் குற்றியலுகரம். கடைசி உகரத்தின் அளவு அரை மாத்திரை. என் காதில் விழாத அந்த அரை மாத்திரைக்காக, தினம் இரண்டு வேளை அரை மாத்திரை கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

சத்தம் கேட்டு மேனேஜரம்மா ஓடிவந்தார். துப்பட்டாவைக் காட்டிக் கத்தினேன், ரொட்டியைக் காட்டிக் கத்தினேன், சோறு என்றால் என்ன என்று மூன்று மொழியில் கத்தினேன். அவர் முகம் மலர்ந்தது. "அரே, சாவல்! சாவல் மாங் ரஹே தே!" என்றார். சாதம்தான் கேட்டிருக்கிறாராம். கைதட்டி மூன்று அட்டெண்டர்களையும் கூப்பிட்டு, உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று அறிவித்தார். வாட்டசாட்டம் நெஞ்சில் கைவைத்தான். "மைனே தோ பஹ்லே ஹீ கஹா தா, மை சோர் நஹீன்." நான் திருடனில்லை என்று அப்போதே சொன்னேனே என்றான். வாய் ஓரத்தில் பருப்பு ஒட்டியிருந்தது.

ஆனால் ஃபைலை உடனே திருத்த முடியாதாம். வியாழக்கிழமை டாக்டர் வந்து கையெழுத்திடும்வரை அப்பா திருட்டுப் புகார்தாரர்தானாம். நான் மேஜையில் ஓங்கி அடித்தேன். "மேடம், ஆப் பீ அக்ரெஸிவ் ஹோ ரஹீ ஹைன்" என்றார், நானும் ஆவேசப்படுகிறேனாம். என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கும் அரை மாத்திரை எழுதிவிடுவாரோ என்று பயமாகிவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, எல்லாவற்றிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறதே என்றார்.

துப்பட்டா முடிச்சை என்னோடு வந்தவள் பல்லால் அவிழ்த்தாள். பல் செட்டுக்காக அலமாரியைத் திறந்தால், ஏழு கண்ணாடி டம்ளர்களில் ஏழு செட்டுகள் சிரித்தன. பெயர் ஒட்டவில்லை. வெற்றிலைக் கறையை வைத்து அப்பாவுடையதை எடுத்தேன். மற்ற ஆறும் யார் வாய்க்கு உரியவை, அந்த ஆறு பேர் எட்டரைக்கும் ஒன்றுக்கும் ஏழுக்கும் என்ன சொல்லிக் கத்துகிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு புகார் எழுத இணையத்தில் ஒரு படிவத்தைத் திறந்தேன். புகாரின் வகை என்று ஒரு பட்டியல் இருந்தது. பட்டினி போட்டார்கள், கட்டி வைத்தார்கள் என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. கிட்டத்தட்டப் பொருந்தியது திருட்டு ஒன்றுதான். அதைத் தேர்ந்தெடுத்தேன். காணாமல்போன பொருள் என்ற கட்டத்தில் சோறு என்று தட்டினேன். விசாரணையில் இருக்கிறது என்று இன்னமும் காட்டுகிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் குக்கரில் அரிசி வைத்தேன். பல் செட்டை மாட்டி, ரசம் விட்டுக் குழையப் பிசைந்து கொடுத்தேன். அப்பா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டார். தட்டு காலியானதும் எடுக்கப் போனேன். அவர் தட்டின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்து, விரலை நீட்டினார்.

"சோர்."

பல் செட் வாயில்தான் இருந்தது. இருந்தும் உகரம் கேட்கவில்லை.

"ஆமாப்பா" என்றேன். இன்னும் ஒரு கரண்டி போட்டேன்.