ஒரெஸ்ட் சொன்ன மூன்றாவது கம்பெனி

ஒரெஸ்ட் பிலாக் முப்பத்தொரு வருஷம் கனடாவில் டாஃபின் என்ற ஊரில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படித்தவர். நிலவறைகளின் இருட்டு மூலையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பொடி எண்களைப் படித்துப் படித்து, அவருக்கு ஒரு தனிக் கண் வாய்த்திருந்தது. ஓய்வு பெற்றதும் அந்தக் கண் மொத்தமும் எங்கள் நாணய கிளப்புக்குக் கிடைத்தது. மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை நூலகத்தின் கீழ்த்தளத்தில் பதினாலு பேர் கூடுவோம். யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். விளக்கடியில் மெல்லச் சாய்ப்பார். "புதுக் காசுன்னா வெளிச்சம் அதுமேல சக்கரமா சுத்தும். கழுவின காசு சும்மா பளபளக்கும், சுத்தாது" என்பார். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

நான் ஐரிஸ் டூபிக். தபால் ஆபீசில் கவுன்டரில் இருந்தேன். கிளப்பில் சேர்ந்த புதிதில், 2002-ல், என் அப்பா பொத்தான் டப்பாவில் போட்டு வைத்திருந்த பழைய செப்புக் காசுகளைக் கொண்டுபோனேன். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று முந்தின நாள் கெட்சப்பில் ஊறவைத்துத் தேய்த்திருந்தேன். அப்படித் தேய்த்தால் சேகரிப்பவர்களிடம் காசின் மதிப்பே போய்விடும் என்று எனக்குத் தெரியாது. ஒரெஸ்ட் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஐரிஸ், இது காசு இல்ல. குளிச்சிட்டு வந்த பொணம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் கிளப் பக்கமே போகவில்லை.

ஒரெஸ்டுக்கு உயிர்த் தோழன் லாயிட் பென்னர், லாரி மெக்கானிக். ஒரெஸ்டின் மனைவி ஸ்டெல்லா இறந்ததிலிருந்து ஆறு வருஷமாக அவருக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு லாயிட் வீட்டில்தான். லாயிடின் மனைவி பெவ் அவருக்கென்று தனித் தட்டே வைத்திருந்தாள்.

2019 பிப்ரவரியில் ஒரு கூட்டத்துக்கு லாயிட் தன் ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அதில் இருந்ததிலேயே உசத்தி, நாற்பத்தெட்டாம் வருஷத்து வெள்ளி டாலர். இந்தியா விடுதலையானதும், காசில் பொறிக்கும் பிரிட்டிஷ் ராஜாவின் பட்டங்களிலிருந்து 'இந்தியாவின் பேரரசர்' என்பதை நீக்க வேண்டியிருந்தது. புது அச்சு வந்துசேரத் தாமதமானதால் அந்த வருஷம் டாலர் கொஞ்சமாகத்தான் அடித்தார்கள். எங்களில் வேறு யாரிடமும் அது கிடையாது. இருபது வருஷத்துக்கு முன் லாயிட் அதை ஒரெஸ்டிடம்தான் வாங்கியிருந்தார்.

"எம் பொண்ணு கார்லா ஜூன்ல ஹாலிஃபாக்ஸ் போறா. அங்க ஆஸ்பத்திரில வேலை" என்றார் லாயிட். "இதை அவளுக்குக் குடுக்கப்போறேன். சும்மா குடுத்தா எவனாவது ஏமாத்திப் பிடுங்கிடுவான். தரம் போட்டு, சீல் வெச்சுக் குடுத்துட்டா நான் இல்லாத காலத்திலயும் அவளை யாரும் ஏமாத்த முடியாது. தரம் போடுற கம்பெனி மூணோட பேர் எழுதியிருக்கேன். எதுக்கு அனுப்பட்டும், நீ சொல்லு."

பதில் எங்களுக்கே மனப்பாடம். கனடா காசு என்றால் டொரண்டோ கம்பெனி. அவர்கள் கறார், ஒரு கீறலைக்கூட விட மாட்டார்கள். வெளியே விற்கப் போகிறாய் என்றால் அமெரிக்க கம்பெனி. மேற்கே புதிதாக முளைத்திருந்த மூன்றாவதைப் பற்றி ஒரெஸ்ட் சொல்வது ஒன்றுதான்: "அவங்களுக்கு அனுப்புறதுக்கு நீயே ஒரு சீட்டுல நம்பர் எழுதி ஒட்டிக்கலாம்."

அன்றைக்கு அவர் லாயிடின் காகிதத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "மூணாவதுக்கு அனுப்பு" என்றார்.

"நீங்கதானே அவங்களை அப்படி ஓட்டுவீங்க?" என்று நான் கேட்டேன்.

"இப்ப திருந்திட்டாங்க. மத்தவங்க நாலஞ்சு மாசம் இழுப்பாங்க. இவங்க ஆறு வாரத்துல குடுத்துடுவாங்க. பொண்ணு கிளம்புறதுக்குள்ள வரணும்ல."

பேசும்போது அவர் நிமிரவில்லை. டாலரை எடுத்து விளக்கில் சாய்க்கவும் இல்லை. அது எனக்கு உறுத்தியது. ஆனால் கெட்சப் விஷயத்துக்குப் பிறகு அவரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் கிடையாது. பஞ்சு வைத்து, அட்டை வைத்து, பதிவுத் தபாலில் நானேதான் கட்டி அனுப்பினேன்.

ஏப்ரலில் திரும்பி வந்தது. கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் டாலர், மேலே தரச்சீட்டு. எழுபதுக்கு அறுபத்து மூன்று, புழக்கத்துக்கே போகாத காசு என்று. லாயிட் எல்லோருக்கும் டோனட் வாங்கி வந்தார். "கண்ணுன்னா இவன் கண்ணு" என்று ஒரெஸ்டின் முதுகில் தட்டி, டாலரை அவர் கையில் கொடுத்துப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்தது நான்தான். ஒரெஸ்ட் உறையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். டோனட் அவர் தட்டில் அப்படியே கிடந்தது.

மே மாதம் வின்னிபெக்கில் நாணயக் கண்காட்சி. இன்சூரன்சுக்கு ஒரு மதிப்புக் கடிதம் வாங்கலாம் என்று லாயிட் பெவ்வையும் கார்லாவையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு வியாபாரி உறையை விளக்கில் அரை நிமிஷம் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இதை யாரோ நல்லாத் தேச்சிருக்காங்க. பேக்கிங் சோடாவா இருக்கும். உறையில போட்டா அது மறைஞ்சிடாது. அனுப்புறதுக்கு முன்னாடி உங்க ஊர்ல விவரம் தெரிஞ்சவங்க யாரையாவது கேட்டிருக்கலாமே."

"கேட்டேன்" என்றார் லாயிட்.

ஒரெஸ்டின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வந்தது பெவ்வின் மேல். கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் கரண்டிகளை மாதாமாதம் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறவள் அவள். ஊர் திரும்புகிற வழியில், மகள் காதுபட, "உன் கை சும்மா இருக்காதே" என்றார். அவள் இல்லை என்றாள். அவர் நம்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரெஸ்ட் வழக்கம்போலச் சாப்பிடப் போனார். லாயிட் வியாபாரி சொன்னதைச் சொல்லி, "அலமாரியைப் பூட்டி வெக்காதது என் தப்பு" என்று முடித்தார். பெவ் ஒரெஸ்டின் தட்டில் முட்டைக்கோஸ் உருண்டைகளை எடுத்து வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "நான் தேச்சதா ஞாபகமே இல்ல, ஒரெஸ்ட். ஆனா தேச்சிட்டு மறந்துட்டேனோ என்னவோ. வயசாகுதில்ல."

அப்போதுகூட ஒரெஸ்ட் முள்கரண்டியை வைத்துவிட்டு, வயிறு சரியில்லை என்று எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். டீ போட்டுக் கொடுத்தேன். கோப்பையைத் தொடாமல் சொன்னார்.

"நான்தான் ஐரிஸ். தொண்ணூத்தொம்பது ஜனவரி. ஒரு ஏலத்துல எடுத்த புகையிலை டப்பாவுல கிடந்துது. கரியா கறுத்திருந்துது. காசோட பின்பக்கத்துல இருக்கற அந்தப் படகு எப்படி இருக்குன்னு பாக்கணும்னு ஆசை. ஒரு ஓரத்தை மட்டும்னுதான் சோடாவைத் தொட்டேன். ஓரம் வெளுத்ததும் நிறுத்த முடியல. காஞ்சப்புறம் பாத்தா படகுக்குப் பின்னாடி வானம் பூரா மயிரிழையா கீறல். அந்த வாரமே லாயிடுக்கு வித்துட்டேன். அவனுக்கு அப்ப ஒண்ணும் தெரியாது. ஸ்டெல்லா சொல்லிடுங்கன்னா. நான் சொல்லல."

நான் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"உங்க காசைப் பொணம்னு சொன்னேனே, அது இதை செஞ்சு மூணு வருஷம் கழிச்சு."

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு சின்னச் சந்தோஷம். அதை இன்றுவரை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

"நீங்க போய் அவங்ககிட்ட சொல்லிடுறீங்களா?" என்றார்.

"ஸ்டாம்பு ஒட்டி அனுப்புற விஷயமா இது? நீங்கதான் போகணும். வேணும்னா கார்ல கொண்டுபோய் விடுறேன்."

வழியெல்லாம் அவர் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே வந்தார். நான் வெளியே காரில் இருந்தேன். உள்ளே நடந்ததைப் பிறகு பெவ் சொன்னாள். அவர் பூட்ஸைக் கழற்றவில்லை. வாசல் மிதியடியைத் தாண்டி உள்ளே வரவில்லை. அங்கேயே நின்று இருவரிடமும் முழுதும் சொன்னார். பெவ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன், ஒரெஸ்ட்" என்றாள். "ஞாபகம் போகுதான்னு பரிசோதிக்கச் சொல்லி. படம் காட்டிக் கேள்வி கேட்டாங்க. நேத்து உங்களுக்குச் சாப்பாடு போடும்போதும் அந்தப் பயம்தான்."

ஒரெஸ்டால் நிமிர முடியவில்லை.

லாயிட் கத்தவில்லை. "ஏன் அந்தக் கம்பெனியைச் சொன்ன?" என்று மட்டும் கேட்டார்.

"அவங்க கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு."

"அப்ப யோசிச்சுத்தான் சொல்லியிருக்க."

"ஆமா."

"இருபது வருஷத்துக்கு முன்னாடி செஞ்சதை விட்டுருவேன். பிப்ரவரில எம் மூஞ்சிக்கு நேரா சொன்னியே, அதை என்ன செய்யறது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பின்பக்கம் கராஜுக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து பெவ்வின் பக்கத்தில் உட்கார்ந்தாராம். அவளை நம்பாததற்கு அவருக்கும் அவளிடம் சொல்ல வேண்டியது இருந்தது. சொன்னார்.

அந்த வாரம் லாயிட் உறையை உடைத்து டாலரை வெளியே எடுத்து என்னிடம் கொண்டுவந்தார். "டொரண்டோவுக்கு" என்றார். கட்டி அனுப்பினேன். கார்லா கிளம்பும்போது அது வந்திருக்கவில்லை. அக்டோபரில்தான் வந்தது. சீட்டில் தரத்துக்குப் பக்கத்தில் 'கழுவியது' என்று அச்சடித்திருந்தார்கள். லாயிட் அதை அப்படியே ஹாலிஃபாக்சுக்கு அனுப்பினார். தன்னிடம் இருந்ததிலேயே நல்ல டாலரை ஒரெஸ்ட் ஈடாக என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தார். லாயிட் அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கிளப்பில் ஒரெஸ்ட் தானாகவே எழுந்து நின்று சொன்னார். பெவ்வின் டாக்டர் விஷயத்தைக்கூட விடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "ஐரிஸ், அன்னிக்கு உங்களை அப்படிப் பேச எனக்கு அருகதை கிடையாது" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். அவர் உட்கார்ந்த பிறகு, ஃபிராங்க் மாலெட் என்பவர் எழுந்து அடுத்த மாத ஏலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஒரெஸ்ட் கிளப்பை விடவில்லை. வருவார், கடைசி வரிசையில் உட்காருவார். காசு கைமாறி வரும்போது பார்க்காமலே பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார். லாயிட் முன் வரிசையில் உட்காருகிறார். இருவரும் இதுவரை பேசிக்கொள்ளவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெவ் ஒரு டப்பாவில் முட்டைக்கோஸ் உருண்டை வைத்து என்னிடம் கொடுத்தாள். "ஒரெஸ்டுக்கு. சாப்பிடச் சொல்லு. வரச் சொல்லல" என்றாள். அப்படியே போய்ச் சொன்னேன். அவர் டப்பாவை வாங்கிக்கொண்டு தலையாட்டினார். இரண்டு நாள் கழித்து அதைத் திருப்பி வாங்கப் போனபோது கழுவித் துடைத்து வைத்திருந்தார். வெறும் டப்பாவை எப்படிக் கொடுப்பது என்று அலமாரிகளைத் திறந்து திறந்து பார்த்தார். எதை எடுத்தாலும் மறுபடி வைத்துவிட்டார். கடைசியில் வெறும் டப்பாவையே என்னிடம் நீட்டினார்.